இரத்தத்தில் அமிலமும் காரமும்

உயிர் வாழ்வது என்பதே இடைவிடாமல் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டிருப்பதுதான். நாம் உண்ணும் சோறும் எண்ணெயும் தேகத்தின் உயிரணுக்களுக்குள் பிராணவாயுவோடு சேர்ந்து எரிந்து சக்தியாக மாறும்போது கரியமில வாயு பிறக்கிறது. அது நீரோடு கூடிய மாத்திரத்தில் கார்பானிக் அமிலம் ஆகிறது. பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் உள்ள புரதம் சிதையும்போது அதிலிருக்கும் கந்தகம் கந்தக அமிலமாக வெளிப்படுகிறது. மூச்சிரைக்க ஓடுகிறவனுடைய கால் தசைகளில் லாக்டிக் அமிலம் சேருகிறது. இவ்வாறு இரவும் பகலும் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும் ஒரு தேகத்தில் ஓடுகிற இரத்தம் அமிலமாக மாறாமல், பிறந்த நாள் தொட்டு இறுதி நாள் வரையில் சற்றே காரத்தன்மை உடையதாகவே இருந்து வருகிறது என்பது, ஜீவ சாஸ்திரம் கண்ட உண்மைகளுள் நின்று சிந்திக்கத் தக்க ஒன்றாகும்.

இத்தன்மையை அளந்து சொல்வதற்கு ஒரு பிரமாணம் வேண்டியிருந்தது. டென்மார்க் தேசத்தின் தலைநகரமாகிய கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் என்னும் பீர் தொழிற்சாலையைச் சார்ந்த ஆராய்ச்சிசாலையின் ரசாயனப் பகுதிக்குத் தலைவராக இருந்த ஸோரென்ஸன் என்பவர், நொதிகளின் வேலை கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவுக்குத் தக்கபடி மிகுவதையும் குறைவதையும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அச்செறிவை எளிதில் குறிப்பதற்காக 1909-ஆம் ஆண்டில் பி.எச். என்ற அளவை வகுத்தார். தூய நீருக்கு அது 7. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம், மேலே ஏற ஏறக் காரம். ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு பெருகிவிட்டன என்று பொருள். ஆரோக்கியமான மனிதனுடைய தமனி இரத்தத்தில் இந்த எண் 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே நிற்கிறது.

எல்லை மிகக் குறுகியதாகத் தோன்றலாம். உண்மையில் தேகம் காத்து வருவது அதனினும் நுட்பமான ஒரு பொருளை. 7.4 என்ற நிலையில் ஒரு லிட்டர் இரத்தத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் 40 நானோமோல் மாத்திரமே. அதாவது, ஒரு ஹைட்ரஜன் அயனிக்கு எதிரே ஏறக்குறைய 35 லட்சம் சோடியம் அயனிகள் அதே இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கின்றன. அவ்வளவு சொற்பமான பொருள் இரட்டித்தால் எண் 7.1-க்கு இறங்கிவிடுகிறது, நான்கு மடங்கானால் 6.8. அந்த எல்லைக்குக் கீழேயும், மறுபக்கத்தில் 7.8-க்கு மேலேயும், உயிர் தரிப்பது அரிது. இதன் காரணம் புரதங்களின் சுபாவத்தில் இருக்கிறது. நொதிகளும், இதயத் தசையைச் சுருக்கி விரிக்கும் இழைகளும், நரம்பில் மின்னோட்டத்தைக் கடத்தும் வாயில்களும் யாவும் புரதங்களே. ஹைட்ரஜன் அயனி அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டால் அவற்றின் மின்னூட்டம் மாறுகிறது, மின்னூட்டம் மாறினால் வடிவம் மாறுகிறது, வடிவம் மாறினால் வேலை கெடுகிறது. இரத்தம் மிகவும் அமிலமாகிவிட்ட நோயாளியின் இதயம் தளர்ந்து, இரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து, இரத்த அழுத்தத்தைத் தூக்கிநிறுத்தக் கொடுக்கும் மருந்துகளும் பயனற்றுப் போவது இதனாலேயே.

இந்தச் சமநிலையைத் தேகம் எவ்வாறு காக்கிறது என்பதை முதன்முதலில் ரசாயனக் கணக்காக எழுதிக் காட்டியவர், அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த லாரன்ஸ் ஹெண்டர்சன். இரத்தத்தில் கரைந்துள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருள், உள்ளே வரும் அமிலத்தை உடனே தழுவிக் கார்பானிக் அமிலமாக்கிவிடுகிறது. கார்பானிக் அமிலம் நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. வாயுவை நுரையீரல் வெளியே தள்ளிவிடுகிறது. 1908-ஆம் ஆண்டில் ஹெண்டர்சன் இதைச் சமன்பாடாக வடித்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கோபன்ஹேகனைச் சேர்ந்த ஹாஸல்பால்ஹ் அதை ஸோரென்ஸனுடைய அளவோடு பொருத்தினார். இன்றளவும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் அந்தச் சமன்பாட்டின் சாரம், இரத்தத்தின் தன்மையை நிர்ணயிப்பது பைகார்பனேட்டின் அளவும் அன்று, கரியமில வாயுவின் அளவும் அன்று, இரண்டுக்கும் உள்ள விகிதமே என்பதாகும். ஆரோக்கியத்தில் லிட்டருக்கு 24 மில்லிமோல் பைகார்பனேட்டும், 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திற்குச் சமமான கரியமில வாயுவும் இருக்கின்றன. அந்த அழுத்தத்தில் இரத்தத்தில் கரையும் வாயு 1.2 மில்லிமோல். ஆகவே விகிதம் இருபதுக்கு ஒன்று. இருபதுக்கு ஒன்று நிலைத்திருக்கும் வரையில் பி.எச். 7.4-ல் நிலைத்திருக்கும்.

நல்ல ஏரிக்கு அவசரத்தில் வெள்ளத்தை வெளியேற்றக் கலங்கலும், நிதானமாக நீரை அளந்து விட மதகும் இருப்பதுபோல, இந்த விகிதத்தைக் காக்கவும் இரண்டு வழிகள் அமைந்திருக்கின்றன. நுரையீரல் விரைவானது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதனும் ஒரு நாளில் ஏறக்குறைய 300 லிட்டர் கரியமில வாயுவை வெளியேற்றுகிறான். இரத்தத்தில் அமிலம் சற்று ஏறினாலும் மூளையின் அடித்தண்டு அதை உணர்ந்து மூச்சை ஆழமாக்கி, சில நிமிஷங்களில் விகிதத்தைத் திருத்தத் தொடங்கிவிடுகிறது. சிறுநீரகம் நிதானமானது, அதன் திருத்தம் முழுமை பெற மூன்று நான்கு நாட்கள் பிடிக்கும். ஆயினும் வாயுவாக மாற முடியாத கந்தக அமிலம், பாஸ்பாரிக் அமிலம் முதலியவற்றை, நாளொன்றுக்குத் தேகத்தின் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிமோல் வீதம், வெளியேற்ற அதைத் தவிர வேறு அவயவம் இல்லை. தினமும் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதனோடு இறங்கிய நாலாயிரத்துக்கு மேற்பட்ட மில்லிமோல் பைகார்பனேட்டை ஏறக்குறைய முழுவதும் மீட்டு, அமிலத்தை அம்மோனியத்தோடும் பாஸ்பேட்டோடும் பிணைத்துச் சிறுநீரில் அனுப்பி, செலவான பைகார்பனேட்டுக்கு ஈடாகப் புதியதையும் ஆக்கித் தருவது அதன் அன்றாடப் பணி. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்தப் பணி நின்றுபோகும்போது, தேகம் வேறு வழியின்றி எலும்பிலுள்ள காரச் சுண்ணத்தைக் கரைத்து அமிலத்தைத் தணிக்க முற்படுகிறது. அவர்களுடைய எலும்பு நலிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோய்கள் இந்த விகிதத்தை நான்கு வகையாகக் குலைக்கின்றன. பைகார்பனேட் குறைந்தாலும், கரியமில வாயு தேங்கினாலும் விளைவது அமிலமிகை. பைகார்பனேட் பெருகினாலும், கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறினாலும் விளைவது காரமிகை. இந்நான்கும் நோய்களின் பெயர்கள் அல்ல. பின்னால் ஒளிந்திருக்கும் நோயைக் காட்டும் லக்ஷணங்கள் என்பதை மறக்கலாகாது.

பைகார்பனேட் குறையும் வழிகளுள் மிகப் பழையது வாந்திபேதி. 1831-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஸண்டர்லாந்து நகரைக் காலரா பீடித்தபோது, இருபத்திரண்டு வயதே நிரம்பிய ஓஷானஸி என்ற வைத்தியர் அங்கு சென்று நோயாளிகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, அது நீரையும் உப்பையும் மாத்திரமன்றித் தன் காரத்தையும் இழந்துவிட்டது என்று கண்டு எழுதினார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், மறு ஆண்டிலேயே உப்பும் சோடாவும் கலந்த நீரை நோயாளியின் சிரைக்குள் செலுத்திச் சாகும் தறுவாயில் இருந்தவர்கள் எழுந்து உட்காரக் கண்டார். ஓஷானஸி பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகி, இந்தியாவில் தந்திக் கம்பிகள் நாட்டியவராகப் பேர் பெற்றார். அவருடைய இரத்தப் பரிசோதனையையோ வைத்திய உலகம் பல பத்தாண்டுகள் மறந்து கிடந்தது. 1910-ஆம் ஆண்டளவில் மணிலாவில் செல்லார்ட்ஸ் என்பவர் காலரா நோயாளிகளின் இரத்தத்தில் காரம் குறைந்திருப்பதை மறுபடியும் நிரூபித்துச் சோடா உப்பு கொடுத்தார். கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் அம்முறையைத் தம் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். குடலிலிருந்து வெளியேறும் நீர் காரம் நிறைந்தது. அது போகப் போக இரத்தத்தில் அமிலம் தனித்து நிற்கிறது. இன்று பேதி கண்ட குழந்தைக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தில் ஸிட்ரேட் என்ற பொருள் சேர்ந்திருப்பது, தேகத்துக்குள் அது பைகார்பனேட்டாக மாறி இழந்த காரத்தை ஈடுசெய்யும் என்பதற்காகவே.

மற்றொரு வழியில், காரம் வெளியே போவதில்லை. அமிலம் உள்ளே வந்து அதைத் தின்றுவிடுகிறது. 1874-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியரான அடால்ப் குஸ்மால், நீரிழிவு முற்றி நினைவிழந்த நோயாளிகளிடம் ஒரு விசித்திரமான மூச்சைக் கவனித்தார். நுரையீரலில் சளி இல்லை, அடைப்பு இல்லை, காற்று தாராளமாகப் போய் வருகிறது. ஆயினும் அந்நோயாளி மலையேறி வந்தவனைப்போல் ஆழ்ந்து ஆழ்ந்து, ஓய்வின்றி, ஒரே சீராக மூச்சு வாங்குகிறார். இன்சுலின் இல்லாமையால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத தேகம் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோ அமிலங்களை மலையாகக் குவித்துவிட்டது என்பது பின்னர் விளங்கிற்று.

அந்த மூச்சின் அர்த்தத்தை ஒரு கணக்கால் காட்டலாம். அமிலங்களின் தாக்குதலால் பைகார்பனேட் 24-லிருந்து 10-க்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். கரியமில வாயு பழையபடி 40-லேயே நின்றால், விகிதம் இருபதிலிருந்து எட்டாகக் குன்றி, பி.எச். 7.02-க்கு வீழ்ந்துவிடும், மரணத்தின் வாசல் அது. ஆழ்ந்த மூச்சால் கரியமில வாயு 23-க்கு இறக்கப்பட்டால், விகிதம் பதினான்குக்கு மேல் ஏறி, பி.எச். 7.26-ல் தாங்கி நிற்கும். ஆக, அருகில் நிற்பவர்களைக் கலங்கவைக்கும் அந்த மூச்சிரைப்பே அவ்வேளையில் உயிரைத் தாங்கும் ஜீவாதாரம். "ஐயோ, இப்படி மூச்சு வாங்குகிறதே" என்று இரக்கப்பட்டு அந்நோயாளிக்குத் தூக்க மருந்து கொடுத்தால், மூச்சு அமைதியாகும், கரியமில வாயு 40 என்ற 'சரியான' எண்ணுக்குத் திரும்பும், நோயாளி இறந்துபோவார்.

இத்தகைய அமிலமிகையில் வேண்டாத அமிலம் ஒன்று இரத்தத்தில் நுழைந்திருக்கிறதா என்று அறிய, வைத்தியர்கள் ஓர் எளிய கழித்தலைச் செய்கிறார்கள். சோடியத்தின் அளவிலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால், ஆரோக்கியத்தில் 12-ஐ ஒட்டிய ஓர் எண் மிஞ்சும். பேதியால் காரம் இழந்தவருக்குக் குளோரைடு பெருகி அந்த இடத்தை நிரப்பிவிடுவதால் மிச்சம் மாறாது. வேற்று அமிலம் நுழைந்தவருக்கோ மிச்சம் 25, 30 என்று விரிந்துகொண்டே போகும். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால் நேருவது இதுவே. குடித்தவுடன் அது சாதாரணச் சாராயத்தைப் போலத்தான் இருக்கும். ஈரலிலுள்ள நொதி அதை மெல்ல மெல்லப் பார்மிக் அமிலமாக மாற்றுவதற்குப் பல மணி நேரம் ஆகிறது. அதன் பிறகே வயிற்று வலியும் வாந்தியும், கண் முன்னே பனி மூடியது போன்ற மங்கலும், குஸ்மால் கண்ட அதே மூச்சும் தோன்றுகின்றன. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது இந்த அமிலந்தான். கண் மங்கும் வரை காத்திராமல், குடித்தது தெரிந்த உடனே மருத்துவமனையை அடைந்தால், மெத்தனால் அமிலமாவதைத் தடுக்கும் மாற்று மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிஸிஸும் காப்பாற்ற முடியும் என்பதை ஊர்தோறும் சொல்லிவைப்பது நம் கடமை.

காரமிகையைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். ஓயாமல் வாந்தி எடுப்பவர் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இழக்கிறார்; இரத்தத்தில் காரம் மிஞ்சுகிறது; உப்பு நீரும் பொட்டாசியமும் கொடுத்தால்தான் சிறுநீரகம் அந்த மிச்சத்தை வெளியேற்றும். பயத்தாலோ பதற்றத்தாலோ வேகவேகமாக மூச்சுவிடுபவர் கரியமில வாயுவை இழக்கிறார். இரத்தத்தில் தனித்து இயங்கும் கால்சியம் குறைந்து, உதடும் விரல் நுனிகளும் மரத்து, கை முறுக்கிக்கொள்கிறது. லடாக் போன்ற உயர்ந்த பிரதேசங்களுக்குச் செல்பவர்களுக்கும், காற்றில் பிராணவாயு அருகியிருப்பதால் மூச்சு மிகுந்து, இதே காரமிகை உண்டாகிறது; சிறுநீரகம் சில நாட்களில் பைகார்பனேட்டைக் குறைத்து விகிதத்தைச் சரிசெய்துவிடும். போய் இறங்கிய முதல் நாட்களில் ஓய்வெடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு நியாயம்.

எஞ்சி நிற்பது கரியமில வாயு தேங்குவதால் வரும் அமிலமிகை. அதை உலகுக்குக் கற்பித்த சம்பவம், ஸோரென்ஸனும் ஹாஸல்பால்ஹும் வாழ்ந்த அதே கோபன்ஹேகன் நகரத்தில் நிகழ்ந்தது.

1952-ஆம் ஆண்டின் கோடையில் அந்நகரை இளம்பிள்ளை வாதம் முன் எப்போதும் இல்லாத கொடுமையோடு தாக்கியது. தொற்றுநோய்களுக்கென்று இருந்த பிளெக்டாம் மருத்துவமனைக்குச் சில நாட்களில் நாளொன்றுக்கு ஐம்பது பேர்வரை வந்து குவிந்தனர். அவர்களுள் பலருக்கு மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலற்றுப்போயிருந்தன. அங்கே இருந்தவை, தலை தவிர முழு உடலையும் உள்ளே வைக்கும் இரும்புக் கூண்டு ஒன்று, மார்பின்மேல் கவிழ்க்கும் சிறு கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளைக் கொண்டு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். இறக்குமுன் அவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது, இரத்த அழுத்தம் ஏறியது, நினைவு மங்கியது. இரத்தத்தைச் சோதித்ததில் பைகார்பனேட் மிகவும் உயர்ந்திருந்தது. பைகார்பனேட் காரப்பொருள் அல்லவா? ஆகவே, காரணம் தெரியாத ஒரு காரமிகையால் இவர்கள் இறக்கிறார்கள் என்று அங்கிருந்த அனுபவசாலிகள் கருதினர். மூளை அழற்சியின் விளைவு என்று சமாதானமும் கூறிக்கொண்டனர்.

தலைமை வைத்தியராகிய லாஸன், தம் உதவியாளர் ஒருவரின் யோசனையை ஏற்று, பியோர்ன் இப்ஸன் என்ற மயக்க மருந்து நிபுணரை அழைத்தார். அறுவை சிகிச்சை மேஜையருகே மூச்சு தாழ்ந்து போனவர்களைப் பார்த்துப் பழகிய இப்ஸனுக்கு, வியர்வையும் ஏறிய இரத்த அழுத்தமும் கரியமில வாயு தேங்கியதன் அடையாளங்களாகத் தோன்றின. பைகார்பனேட் உயர்ந்திருப்பது காரம் பெருகியதால் அன்று, வெளியேற வழியற்ற வாயு இரத்தத்தில் குவிந்ததால்தான் என்று அவர் கூறினார். ஆகஸ்டு 27-ஆம் தேதி, சாகும் நிலையில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறந்து குழல் பொருத்தச் செய்து, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்த முயன்றார். சிறுமி திணறினாள், காற்று இறங்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்த வைத்தியர்களில் சிலர் நம்பிக்கையிழந்து அறையை விட்டு நீங்கினர். இப்ஸன் அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து அவளுடைய திணறலை அடக்கி, மூச்சு முழுவதையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். பை அமுங்கி விரிய, நெஞ்சு உயர்ந்து தாழ, தேங்கிய வாயு வெளியேறியது, வியர்வை உலர்ந்தது, அழுத்தம் தணிந்தது. பையை அமுக்குவதைக் குறைத்தபோது அடையாளங்கள் யாவும் திரும்பின; மிகுத்தபோது மறைந்தன. அந்தச் சிறுமி பிழைத்தாள்.

மருத்துவமனையின் ஆய்வகத் தலைவரான பௌல் ஆஸ்ட்ரப், நோயாளிகளின் இரத்தத்தில் பி.எச். அளவையே நேரடியாக அளந்து பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று: அது உயர்ந்திருக்கவில்லை, தாழ்ந்திருந்தது. காரமிகை என்று எண்ணப்பட்டது கொடிய அமிலமிகையே. இதன்பின் நடந்தது வைத்திய சரித்திரத்தில் பொன்னெழுத்தால் பொறிக்கத் தக்கது. இயந்திரங்கள் இல்லாத காரணத்தால், ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு கட்டிலருகே அமர்ந்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில், தங்கள் கையாலேயே பையை அமுக்கிப் பிறருக்காக மூச்சுவிட்டனர். ஒரு சமயத்தில் எழுபது நோயாளிகள் வரை இப்படி வாழ்ந்தனர். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த மரணம் விரைவிலேயே நாற்பதளவுக்கு இறங்கி, பின்னர் மேலும் குறைந்தது. மறு ஆண்டின் இறுதியில் இப்ஸன் அந்நகரில் தொடங்கிய தனிப் பிரிவே, இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடி. ஒரு துளி இரத்தத்தில் இவ்வளவுகளைக் கண்டறியும் கருவிகளை ஆஸ்ட்ரப்பும் அவரைப் பின்பற்றியோரும் அடுத்த ஆண்டுகளில் உருவாக்கினர்.

இச்சரித்திரம் நமக்குக் கற்பிப்பது ஒன்று உண்டு: தேகத்தில் ஓர் எண் தனியாக நின்று உண்மை பேசுவதில்லை. பிளெக்டாமில் உயர்ந்திருந்த பைகார்பனேட் காரத்தைக் காட்டவில்லை. நீரிழிவு முற்றியவரிடம் 40 என்ற கரியமில வாயு ஆரோக்கியத்தைக் காட்டுவதில்லை. ஆஸ்துமாவால் இரவெல்லாம் இழுத்துக்கொண்டிருப்பவரின் இரத்தத்தில், வேகமான மூச்சின் காரணமாகக் கரியமில வாயு முதலில் குறைந்தே இருக்கும். விடியும் வேளையில் அது 40-க்கு வந்து சேர்ந்தால், அனுபவமற்றவர் மகிழ்வார். தேர்ந்த வைத்தியரோ மூச்சுத் தசைகள் சோர்ந்துவிட்டன என்று அறிந்து உடனே செயற்கை மூச்சுக்கு ஏற்பாடு செய்வார். விகிதத்தைப் பார், பிறகு எது முதலில் கெட்டது, எது அதைத் திருத்த முயல்கிறது என்று பார், அதன் பிறகு நோயாளியைப் பார்த்து முடிவு செய் என்பதே இத்துறையின் முறை.

இம்முறையை அறிந்தவர்களுக்கு, உணவால் இரத்தம் அமிலமாகிவிடும் என்றும், காரநீர் என்ற பெயரில் விற்கும் தண்ணீரைக் குடித்தால் அது சரியாகும் என்றும் பரப்பப்படும் பேச்சு எவ்வளவு ஆதாரமற்றது என்பது தானே விளங்கும். அந்நீரின் காரம் இரைப்பையின் அமிலத்தைச் சந்தித்த மாத்திரத்தில் அழிகிறது. எஞ்சியதைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியேற்றுகிறது. சமையல் சோடாவைத் தினமும் கரைத்துக் குடிப்பதோ வீண் மாத்திரமன்று, அபாயமும்கூட. அளவு மிஞ்சினால் அது காரமிகையை உண்டாக்கும், அதிலுள்ள சோடியம் இதயத்துக்குச் சுமையாகும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குச் சோடா மாத்திரை தேவைப்படலாம். அது வைத்தியர் அளந்து தரவேண்டிய மருந்து.

சாதாரண மனிதர் செய்யவேண்டியது, சில அடையாளங்களை அறிந்துவைத்திருப்பதே. நீரிழிவுக்காரர் வாந்தியோடு ஆழ்ந்து மூச்சுவிட்டால், பேதி கண்ட குழந்தை துவண்டு மூச்சு வாங்கினால், ஆஸ்துமாக்காரர் இரைப்பு அடங்கித் தூங்கி விழுந்தால், அது காத்திருக்கும் நேரமன்று. அரசும் வைத்திய உலகமும் செய்யவேண்டியது, தமனி இரத்தத்தின் வாயுக்களை அளக்கும் கருவியும், அது தரும் எண்களை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கத் தெரிந்தவரும், பெருநகரங்களோடு நில்லாமல் தாலுகா மருத்துவமனை வரையிலும் இருக்கும்படி செய்வது. நோய்கள் பல; ஆயினும் அவை உயிரைப் பறிக்கும் தறுவாயில் கடந்து செல்லும் வாயில்களுள் இந்த அமிலமும் காரமும் பிறழ்ந்த நிலையும் ஒன்று. அதை உரிய நேரத்தில் சரியாகப் படித்தவர் பக்கத்தில் இருந்தால், வெறுங்கையும் ஒரு ரப்பர்ப் பையும்கூட நூற்றுக்கணக்கான உயிர்களை மீட்கப் போதும் என்பதை மாணவர்களே நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள்.